ஜேட்: மரகதமா, பச்சைக்கல்லா, வேறு சொல்லா?

> சீனத் தொல்பொருள்கள் பற்றிய கட்டுரை ஒன்றை மொழிபெயர்க்கிறேன். 'ஜேட்' வரும் இடமெல்லாம் 'பச்சைக்கல்' என்று போட்டிருக்கிறேன். 'மரகதம்' போதுமே என்கிறார் ஒரு நண்பர். எது சரி ஐயா?

வணக்கம் அம்மா.

இரண்டுமே வேண்டாம் என்பேன். மரகதம் நவரத்தினத்தில் ஒன்று, பெரில் என்ற கனிமத்தின் வகை. ஜேட் அதற்கு ஒட்டுமில்லை உறவுமில்லை. பாங்காக்கின் 'மரகத புத்தர்'கூட மரகதம் அல்ல. பச்சைக்கல் இன்னும் சிக்கல். சீனர்கள் காலங்காலமாக உச்சியில் வைத்துக் கொண்டாடியது மேற்கே கோத்தான் பகுதி ஆறுகளில் கிடைத்த வெள்ளை ஜேட். 'ஆட்டுக்கொழுப்பு' என்றே அதற்குப் பெயர். 'வெள்ளைப் பச்சைக்கல்' என்றா எழுதுவீர்கள்?

வேர்ச்சொல்லைப் பிடித்து ஆக்கலாம் என்றால் அது பெரிய கூத்து. விலாவலிக்கு நல்லது என்று ஸ்பானியர்கள் வைத்த பெயரில் இருந்து வந்ததுதான் ஜேட். ஜேட் என்று சொல்லப்படும் இரண்டு கனிமங்களில் ஒன்றான நெஃப்ரைட்டின் பெயரிலும் சிறுநீரகம்தான் இருக்கிறது. அப்படியே தமிழாக்கினால் 'சிறுநீரகக்கல்'. நகைக்கடைக்குப் பதில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதுதான்!

என் பரிந்துரை: இழைமணி.

நெஃப்ரைட்டின் நுண்ணிழைகள் கம்பளிபோலப் பின்னிக் கிடப்பதால் அடித்தாலும் லேசில் உடையாது. உளி செல்லாது. கடினமான மணலையும் நீரையும் வைத்துத் தேய்த்துத் தேய்த்துத்தான் உருவம் வரும். 4,000 ஆண்டுகளுக்கு முன்பே சீனாவின் லியாங்சூ பண்பாட்டு மக்கள், இரும்பே அறியாமல், வெளியே சதுரமும் உள்ளே வட்டமுமான 'சோங்' குழல்களை இப்படித்தான் செய்தார்கள். சந்தனம் இழைக்கிறோமே, அதே வேலை. இழை என்றால் நாரும் ஆகும், நகையும் ஆகும் (ஆயிழை, நேரிழை நினைவிருக்கும்). இழைக்காத ஜேட் கலமாகாது, கல்லாதவர் நெறி அறியார் என்று கன்பூசிய நூலான 'லீஜி'யும் சொல்கிறது.

> சொல் பிடித்திருக்கிறது ஐயா. ஆனால் 1863இல் பிரெஞ்சுக்காரர் தாமூர் தனியாகப் பிரித்துக் காட்டிய ஜேடைட்? பர்மாவில் இருந்து வரும் அந்தப் பளிச்சென்ற பச்சை. அது பெரும்பாலும் பொடிமணிகள் நெருங்கிப் பிணைந்த கல்லாயிற்றே, இழை எங்கே?

சரியான பிடி. நார் என்ற பொருள் அங்கே நிற்காது. தேய்த்து இழைப்பது இரண்டுக்கும் பொது. ஆகவே இழைமணி பொதுப்பெயராக இருக்கட்டும், கனிமத்தைச் சொல்லும்போது நெஃப்ரைட், ஜேடைட் என்றே எழுதுவோம். சீனத்தில் முன்னதை மென்மணி, பின்னதை வன்மணி என்று பிரிப்பது உண்டு. அதைப் பின்பற்ற எனக்கு மனமில்லை. மென்மை என்று பெயர் வாங்கிய நெஃப்ரைட்தான் உடைப்பதற்கு அதிகம் அடம்பிடிக்கும்.

அப்புறம், 1968இல் மான்செங் கல்லறையில் கிடைத்த, ஹான் வம்ச இளவரசர் லியூ ஷெங்கின் ஜேட் சவ உடை உங்கள் கட்டுரையில் வருமே? தங்கக் கம்பியால் கோத்த 2,498 துண்டுகள். அங்கே 'இழைமணி உடை' என்று போட்டு உரக்க வாசித்துப் பாருங்கள். நாக்கு இடறினால் சொல்லுங்கள், வேறு பார்ப்போம்.