கடலோரக் கட்டடப் பணிக்கு ஏற்ற சிறு கத்தி: சில அனுபவங்கள்

கட்டட மேற்பார்வையாளர், தேவனாம்பட்டினம், கடலூர்

கடற்கரைக்கு அருகில் நடைபெறும் வீட்டுக் கட்டுமானங்களை மேற்பார்வையிட்டு வருகிறேன். சிமெண்ட் மூட்டையின் தையலைப் பிரிக்கவும், சாரக் கயிற்றை அறுக்கவும், க்யூரிங்கிற்காக, அதாவது கான்கிரீட்டை ஈரமாக வைத்து இறுகவிடுவதற்காக, தளத்தின் மீது விரிக்கும் சாக்கை வெட்டவும் நாள் முழுவதும் கத்தி தேவைப்படுகிறது. எங்கள் பணியிடத்தில் பெரும்பாலோர் வைத்திருப்பது அட்டை வெட்டும் கட்டர்தான். அதன் அலகு மிக மெல்லியது என்பதால், தடித்த நைலான் கயிற்றை அறுக்கும்போது கை சற்றுப் பக்கவாட்டில் சாய்ந்தாலும் ஒடிந்து தெறிக்கிறது. சாரம் பிரிக்கும் வேளையில் அவ்வாறு தெறித்த துண்டு ஒன்று, கீழே நின்றிருந்த சித்தாளின் தோளை உரசியபடி விழுந்ததைக் கண்ணால் பார்த்தேன். மடக்குக் கத்தியின் மூட்டிலோ சிமெண்ட் தூசி புகுந்து, ஈரம் பட்டு இறுகிவிடுகிறது. பூட்டு முழுமையாக விழாத மடக்குக் கத்தி விரலின் மீதே மடங்கக்கூடும். ஆகவே அலகும் பிடியும் அசையாமல் இணைந்த சிறு கத்தியே எங்கள் வேலைக்குப் பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து.

எந்த எஃகு என்பதில்தான் கடலூர்க்காரர்கள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். சிமெண்ட்தான் கத்தியைத் துருப்பிடிக்கச் செய்கிறது என்று கொத்தனார்கள் பலர் நம்புகின்றனர். ஈரச் சிமெண்ட்டின் பிஎச் அளவு 12-க்கும் மேல். அந்தக் காரத்தன்மை இரும்பைக் காக்கவே செய்கிறது, கான்கிரீட்டுக்குள் கம்பி நெடுங்காலம் நிலைப்பதும் அதனால்தான். கெடுப்பது கடற்காற்றோடு வரும் உப்பிலுள்ள குளோரைடு. பழைய லாரிப் பட்டா எனப்படும் ஸ்பிரிங் தகட்டிலிருந்து கொல்லர் அடித்துத் தரும் கத்தி நன்றாகக் கூர் ஏறும், விலையும் குறைவு. ஆனால் மாலையில் துடைத்து எண்ணெய் தடவாமல் வைத்தால், மறுநாள் காலையில் செம்புள்ளிகள் தெரியும். அந்தப் பராமரிப்பை எல்லோரிடமும் எதிர்பார்க்க முடியாததால், பொதுவாகத் துருப்பிடிக்காத எஃகையே பரிந்துரைக்கிறேன். ஸ்வீடனின் மோரா கத்திகளில் பரவலாக அறியப்பட்ட ஒரு வகை, ஏறத்தாழ 10 செ.மீ. நீளமும் 2.5 மி.மீ. தடிமனும் உடைய அலகு கொண்டது. எந்த நிறுவனத்தின் கத்தியை வாங்கினாலும் இந்த அளவை ஒட்டி வாங்குவது நல்லது.

எஃகைப் பார்ப்பவர்கள் உறையைப் பார்ப்பதில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் செய்தி. தோல் உறை அழகானதுதான், ஆனால் வியர்வையையும் உப்பையும் உறிஞ்சி அலகோடு ஒட்டவைத்துக்கொள்கிறது. துருப்பிடிக்காத எஃகிலும் அங்கேதான் முதலில் புள்ளிக்குழிகள் விழுகின்றன. அடியில் நீர் வடியும் துளையுள்ள பிளாஸ்டிக் உறையே நமக்கு ஏற்றது. ஏணியில் குனியும்போது கத்தி நழுவி விழாத அளவுக்கு அது இறுக்கமாகவும் இருக்க வேண்டும்.

மின்பணியாளர், லாசுப்பேட்டை, புதுச்சேரி

மேலே கூறப்பட்டதோடு உடன்படுகிறேன். எங்கள் தொழில் குறித்து ஒன்றைச் சேர்க்க வேண்டும். ரப்பர் பிடி உள்ள கத்தியைக் காட்டி, "அண்ணா, இதில் கரண்ட் அடிக்காது" என்று ஓர் இளைஞர் என்னிடம் கூறினார். ரப்பர் பிடி, கை வழுக்காமல் இருப்பதற்காகச் செய்யப்பட்டது. மின்காப்புக்காகச் சோதிக்கப்பட்ட கருவியில் இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற அளவும் பொறிக்கப்பட்டிருக்கும். அந்தக் குறி இருந்தாலும் மெயினை அணைத்துவிட்டே தொட வேண்டும் என்று அவருக்கு விளக்கினேன். தடித்த கேபிளின் வெளியுறையை நீளவாட்டில் கீறுவதற்கு மட்டுமே கத்தியைப் பயன்படுத்துகிறேன். 1.5, 2.5 சதுர மி.மீ. ஒயர்களுக்கு, உறையை மட்டும் உரிக்கும் ஸ்ட்ரிப்பர்தான் சரி. கத்தி பட்டு ஓரிரு இழைகள் அறுந்தால் அந்த இடம் பின்னாளில் சூடாகும்.

தச்சர், பாகூர், புதுச்சேரி

சைக்கிள் சாணைக்காரரிடம் தீட்டக் கொடுத்த கத்தி ஒன்று விளிம்பில் நீலம் பாய்ந்து திரும்பி வந்தது. லாரிப் பட்டாவில் அடித்த கத்தி 300 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறினால்தான் அந்த நிறம் வரும். அதன்பின் அங்கே கூர் நிற்பதில்லை. தண்ணீர் விட்டுத் தீட்டுக்கல்லில் தேய்ப்பதே பாதுகாப்பானது.

நான் வேலைக்காக நாள்தோறும் கடலூருக்குச் செல்பவன். ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் மதுபானச் சோதனையின்போது பையைத் திறந்த காவலர், கத்தியைப் பார்த்து எதற்கென்று கேட்டார். உளி, இழைப்புளி, ரசமட்டத்துடன் அது உறையில் இருந்ததைக் கண்டு அனுப்பிவிட்டார். ஆயுதச் சட்டம் 1959-இன் கீழுள்ள விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளையே குறிப்பிடுகின்றன. தொழிலுக்கென்று செய்யப்பட்டவற்றுக்கு அதிலும் விலக்கு உண்டு. இருப்பினும் வழியில் இடுப்பில் செருகிக்கொள்ளாமல், கருவிப் பையின் அடியில் வைத்தே எடுத்துச் செல்கிறேன்.