பேஸ்பால் வீரர் டோனி க்வின்: நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

2009-இல் வேலை மாறி சான் டியேகோ வந்த புதிது. கிரிக்கெட்டைத் தவிர வேறு விளையாட்டு தெரியாது எனக்கு. அலுவலக நண்பர் ஒருவர் சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழக மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க் என்ற மாணவர் பந்து வீசுவதைப் பார்க்கத்தான் அவ்வளவு கூட்டம்.

என் கண் என்னவோ டக்-அவுட் (ஆட்டக்காரர்கள் உட்காரும் கொட்டகை) வாசலில் நின்ற கனத்த மனிதர் மேலேயே இருந்தது. ஐம்பதை நெருங்கும் வயது, ஆனால் பையன்களைப் போலவே சீருடை. பேஸ்பாலில் கோச்சும் சீருடை போடுவார் என்பதே அன்றுதான் தெரியும். யார் இவர் என்று கேட்டேன். நண்பர் பதில் சொல்லாமல் மைதானத்தின் பெயரைக் காட்டினார். டோனி க்வின் ஸ்டேடியம்! தன் பெயர் வைத்த மைதானத்திலேயே தினமும் வேலைக்கு வரும் ஆளை அதற்கு முன் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்து தேடினேன். 1982 முதல் 2001 வரை 20 சீசன், சான் டியேகோவின் பாட்ரேஸ் என்ற ஒரே அணி. 3,141 ஹிட் (பந்தை அடித்துப் பத்திரமாக பேஸைச் சேர்வது), சராசரி .338, அதாவது ஆயிரம் முயற்சிக்கு 338 ஹிட். மூன்றுக்கு ஒன்று உருப்படியாக அடித்தாலே பெரிய ஆள் என்கிற ஆட்டம் இது என்று என் கிரிக்கெட் மண்டைக்கு ஏறக் கொஞ்ச நாள் ஆனது. அத்தனை வருஷத்தில் ஸ்ட்ரைக்-அவுட், அதாவது பந்தைச் சரியாக அடிக்க முடியாமலே அவுட், ஆனது 434 முறைதான்.

அன்று ஆட்டம் முடிந்ததும் வேலியோரம் பிள்ளைகளுக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நான் போய்ப் பேசவில்லை. அந்த உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத கீச்சுச் சிரிப்பு மட்டும் இன்னும் காதில் இருக்கிறது.

*

மேலே எழுதியவர் கோச்சைப் பார்த்தார். நான் க்வின் ஆடியதையே பார்த்தவன், 1998-இல். இடது கை பேட்டர். மூன்றாம் பேஸைக் காப்பவருக்கும் அவருக்குப் பக்கத்தில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப் என்ற ஃபீல்டருக்கும் நடுவில் இருக்கும் சந்தில் பந்தைத் தள்ளிவிடுவார். ஸ்கோர் அட்டையில் அந்த இருவரின் எண் 5, 6 என்பதால் அந்தச் சந்துக்கு 5.5 ஓட்டை என்றே பெயர். பந்து அங்கேதான் வரும் என்று எதிரணிக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? அந்த வருஷ உலகத் தொடர் என்ற இறுதிப் போட்டியில் நியூயார்க் யாங்கீஸ் அணியிடம் நான்கு ஆட்டத்தையும் பறிகொடுத்தோம். க்வின் மட்டும் .500, பாதிக்குப் பாதி அடித்தார்.

அவர் கோச் ஆனதில் எனக்கு ஆச்சரியமில்லை. 1983-இல் அடி சரியாக விழாதபோது, மனைவியிடம் சொல்லி ஆட்டத்தை வீட்டு வி.சி.ஆரில் பதிவு செய்ய வைத்து, தன் தவறைத் தானே பார்த்துத் திருத்திக்கொண்டவர். அப்புறம் வெளியூர் ஆட்டத்துக்கும் வி.சி.ஆரைத் தூக்கிக்கொண்டு போனார். ஓய்வு பெற்றபின் தான் படித்த கல்லூரிக்கே திரும்பினார், 2003 சீசனிலிருந்து தலைமைக் கோச். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: அவரிடம் அந்த அணியின் வெற்றியும் தோல்வியும் ஏறக்குறைய சரிபாதி. பேட்டராக இருந்த அளவுக்குப் பெரிய கோச் என்று யாராவது சொன்னால் அது பாசத்தில் சொல்வது.

*

இவர்கள் இருவரும் ஆளைப் பார்த்தவர்கள். நான் பார்த்தது சிலையைத்தான். 2014 ஜூன் 16 அன்று 54 வயதில் க்வின் போய்விட்டார், உமிழ்நீர்ச் சுரப்பியில் புற்றுநோய். பல வருஷம் வாயில் அடக்கிய புகையிலைதான் காரணம் என்று அவரே நம்பினார். பாட்ரேஸின் மைதானமான பெட்கோ பார்க்கில் அவர் சிலையடியில் பூ வைக்க மகனோடு போனேன். அந்த வாரம் மகனுடைய லிட்டில் லீக் (சிறுவர் பேஸ்பால்) கோச் தன் புகையிலை டப்பாவைக் குப்பையில் போட்டார். இப்போது அதற்குப் பதில் மெல்ல, அவர் சட்டைப்பையில் எப்போதும் சூரியகாந்தி விதை. பெஞ்சுக்குக் கீழே துப்பிய தோலைப் பெருக்கித்தான் மாளவில்லை.