அம்மாவின் கை வெடிப்புக்குக் கிளிசரினா, யூரியா கிரீமா?

அம்மாவுக்கு வயது 58. ஊர் வேதாரண்யத்துக்குப் பக்கம், காவிரியின் கடைமடை. போர்த் தண்ணீர் உப்புக் கரிக்கும்; பாத்திரம், துணி எல்லாம் அதில்தான். சம்பா அறுவடை முடிந்ததிலிருந்து புறங்கை சாம்பல் பூத்தாற்போல் வெளுத்து, விரல் கணுக்களில் கீறல் கீறலாக வெடித்திருக்கிறது. கை எரிகிறதென்று புளியைக்கூடக் கரண்டியால் கரைக்கிறார். அரிப்பு உண்டு, கொப்புளமோ நீர்க்கசிவோ இல்லை. சர்க்கரை நோயும் இல்லை, பரிசோதித்தாயிற்று.

தேங்காய் எண்ணெய் பளபளப்பைத் தருகிறது, அவ்வளவுதான். மருந்துக் கடையில் வாங்கிய கிளிசரினை அப்படியே தடவினால் எரிச்சல். அது ஈரத்தை இழுத்துப் பிடிக்கும் பொருள். கலக்காமல் தடவினால் தோலிலுள்ள நீரையே உறிஞ்சும் என்பதால், தண்ணீர் கலந்து ஈரக் கையில் தடவி, அந்த ஈரம் ஆவியாகாதிருக்க மேலே பெட்ரோலியம் ஜெல்லி பூசுகிறோம். இரவு முழுக்கத் தாங்குகிறது. காலையில் பாத்திரம் தேய்த்ததும் பழைய கதைதான். ரப்பர் கையுறை வாங்கித் தந்தேன். அது கொடியில் தொங்குகிறது! சோப்பையும் மாற்றியாயிற்று. வறண்ட தோலை மென்மையாக்கும் 10 சதவீத யூரியா கிரீமை வெடிப்பில் எரிகிறதென்று ஒதுக்கிவிட்டார்.

இதே உப்புத் தண்ணீரில் புழங்கும் வீட்டினரோ, தோல் மருத்துவம் அறிந்தவர்களோ சொல்லுங்கள்: வெடிப்பு மூடும்வரை கிளிசரினையே தொடர்ந்துவிட்டு, அதன்பின் யூரியா கிரீமுக்கு மாறுவது சரியாக இருக்குமா?