தரங்கம்பாடியை நடந்தே பார்க்க ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். முழங்கால் வலியுள்ள என் தாயாரை மயிலாடுதுறையிலிருந்து பேருந்தில் தரங்கம்பாடிக்கு அழைத்துச் சென்று, கார் எதுவும் அமர்த்தாமல் ஊரை நடந்தே காட்ட எண்ணியுள்ளேன். நகர வாயிலில் தொடங்கி, ராஜ வீதியில் 1718இல் எழுப்பப்பட்ட புதிய எருசலேம் தேவாலயத்தையும், டேனியர்கள் 1620இல் கட்டத் தொடங்கிய கோட்டையையும் பார்த்துவிட்டு, முன்பகுதியைக் கடல் கொண்டுபோன மாசிலாமணிநாதர் கோயிலில் வழிபாட்டுடன் முடிப்பதாகத் திட்டம். தூரம் எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. வெயிலை நினைத்தால்தான் தயக்கம். கோட்டையின் மேல்தளத்திற்கு ஏறும் படிகள் செங்குத்தானவையா, பிடித்து ஏறக் கைப்பிடி உண்டா, வழியில் நிழலில் உட்கார இடமும் தூய்மையான கழிப்பறையும் எங்கே கிடைக்கும் என்பதை அண்மையில் சென்றுவந்தவர்கள் தெரிவித்தால் உதவியாக இருக்கும். பேருந்து நிறுத்தத்திலிருந்து வாயில் வரை மட்டும் ஆட்டோ வருமா?