மறுமொழி: "செக் இன்ஜின்" விளக்குக்குத் தமிழ்ப் பெயர்

அன்புள்ள குழுவினருக்கு,

> "பொறிச்சோதனை விளக்கு" என்றே முடிவு செய்துவிடலாமே?

கார் டேஷ்போர்டில் எரியும் "செக் இன்ஜின்" விளக்குக்கு அந்தப் பெயர் வேண்டாம் என்பது என் கட்சி. பொறி என்றால் இன்ஜின். பிளக்கில் தெறிப்பதும் பொறிதான். "பொறியில் பொறி வரவில்லை" என்று எந்த மெக்கானிக்கிடம் போய்ச் சொல்வது? எலிப்பொறியை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

'சோதனை' அதைவிடத் தொல்லை. அந்த மஞ்சள் விளக்கு எரிந்தால் சோதனை ஏற்கெனவே முடிந்துவிட்டது என்று பொருள். வண்டிக்குள் இருக்கும் கணினி ஒரு பழுதைக் கண்டு, அதற்கு ஓர் எண்ணும் போட்டு வைத்திருக்கிறது. அமெரிக்காவில் 1996 முதல் விற்பனைக்கு வந்த கார்களில் இந்த ஏற்பாடு கட்டாயம். டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் 16 முனைச் செருகியில் ஸ்கேனரைப் பொருத்தினால் எண் வந்துவிடும். ஆகவே திசைகாட்டி, வழிகாட்டி வரிசையில் "பழுதுகாட்டி" என்கிறேன். "பழுதுகாட்டி மினுக்குகிறது" என்று சொல்லிப் பாருங்கள், வாயில் இடறாது. மினுக்கினால் விஷயம் பெரிது: எரியாத பெட்ரோல் புகைக்குழாய் வழியே போய், அங்கே புகையைச் சுத்தம் செய்யும் வினையூக்கியைச் சுட்டுப் பாழாக்கிவிடும். நிலையாக எரிந்து, ஓட்டத்தில் மாற்றம் இல்லையென்றால் நிதானமாகப் பட்டறைக்குப் போகலாம். சிவப்பு ஆயில் விளக்குக்கு இந்தச் சலுகை கிடையாது. எரிந்தால் அங்கேயே ஓரம் கட்டி அணைக்க வேண்டும். இரண்டையும் "எச்சரிக்கை விளக்கு" என்று ஒரே பையில் போடுவதை நான் ஏற்கவில்லை.

> பேட்டரி படம் போட்டது "மின்கல விளக்கு"

வண்டி ஓடும்போது அது எரிந்தால் பெரும்பாலும் குற்றவாளி பேட்டரி அல்ல, மின்சாரம் ஏற்றாத ஆல்டர்னேட்டரோ அறுந்த பெல்ட்டோதான். படத்தை மொழிபெயர்க்காமல் வேலையைப் பார்த்து "மின்னேற்ற விளக்கு" என்று வைப்போம்.

இனி, வண்டி கிளம்பாத கதை. "தொடங்காமை" என்று ஒரே சொல்லில் அடைத்தால் இரண்டு நோய்களுக்கு ஒரே பெயர் வைத்ததாகும். என் 2013 மாடல் கார் இரண்டையும் காட்டிக்கொடுத்தது. ஒருநாள் காலை சாவியைத் திருப்பினால் "டக்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். டேஷ்போர்டு விளக்குகள் எல்லாம் மங்கின. மெக்கானிக் பானட்டைத் திறந்ததும் பேட்டரி முனையைக் காட்டினார்: வெளிர் பச்சையாகப் பூத்துக் கிடந்தது. வயரைக் கழற்றி, வெந்நீர் ஊற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கினார். செல்ஃப் எடுத்தது.

அடுத்த மாதம் வேறு கூத்து. செல்ஃப் நன்றாக அடிக்கிறது, வண்டி எடுக்கவில்லை. நெடுந்தூரம் ஓடிச் சூடான பிறகுதான் இப்படி. அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பும். ஸ்கேனர் காட்டியது பி0335: கிராங்க், அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு, சுழல்வதை உணரும் சென்சாரின் மின்சுற்றில் கோளாறு. கிராங்க் எங்கே நிற்கிறது என்று தெரியாமல் கணினி தீப்பொறியை எப்போது விடும்? சென்சாரை மாற்றியதும் சரியானது.

முதலாவது "சுழலவில்லை", இரண்டாவது "சுழல்கிறது, பற்றவில்லை". அடுப்புக்குச் சொல்லும் அதே பற்றுதல்தான். பெயர்ச்சொல் வேண்டுமென்றால் சுழலாமை, பற்றாமை. வண்டியோட்டி தொலைபேசியில் இதில் எது என்று சொல்லிவிட்டாலே மெக்கானிக் எந்தக் கருவியை எடுத்து வருவதென்று முடிவு செய்துவிடுவார்.

"செல்ஃப்" என்பதை மாற்ற வேண்டாம். 1912 காடிலாக் காரில் மின் தொடக்கி வந்து, கைப்பிடி போட்டுச் சுற்றும் வேலை ஒழியத் தொடங்கியது. "செல்ஃப் ஸ்டார்ட்டர்", அதாவது தானே தொடக்குவது என்ற பெயரில் 'தொடக்குவது' உதிர்ந்து, நம் பட்டறைகளில் 'தானே' மட்டும் நிற்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

ஓடும்போதே இன்ஜின் இடையிடையே பற்றாமல் திணறும் மிஸ்ஸிங்குக்குத்தான் இன்னும் பெயர் பிடிபடவில்லை. "பற்றுத்தவறு" என்று எழுதிப் பார்த்தேன். வங்கிக் கணக்கில் பற்று வைத்ததில் பிழை என்பதுபோல் இருக்கிறது. மெக்கானிக்கோ வண்டி விக்குகிறது என்கிறார். "விக்கல்" என்றே வைத்தால் என்ன? மறுப்பு இருப்பவர்கள் எழுதுங்கள்.