முட்டை ஓடுகூட மிஞ்சாத கூடு

ஜன்னலை ஒட்டிய செடியில் கொண்டைக்குருவி கட்டிய கூட்டைப் பதினோரு நாள் விடாமல் பார்த்தேன். மூன்று முட்டைகள். பன்னிரண்டாம் நாள் காலையில் கூடு காலி. நார் கலையவில்லை, ஓட்டுத் துணுக்கு ஒன்றுகூடக் கிடக்கவில்லை. முழுதாக விழுங்குவது பாம்புதானே என்று பழியை அதன்மேல் போட்டேன். அடுத்த கூட்டுக்கு எதிரே கேமரா வைத்ததில் சிக்கியது செம்போத்து! கிளைகளுக்குள் சந்தடியின்றி நடந்து வந்து இரண்டு குஞ்சுகளையும் ஒவ்வொன்றாகக் கொண்டுபோனது. அப்போதும் கூடு கலையவில்லை. தடயத்தைப் பார்த்துத் திருடனைச் சொல்லும் வழக்கத்தை அன்றோடு விட்டேன்.

பிறகு மிதவெப்ப நாடொன்றில் இரண்டு வசந்தங்கள். மரப்பெட்டியில் பட்டாணிக்குருவி ஒன்பது முட்டையிட்டது. எட்டுக் குஞ்சுகள் பறந்தன. தாயும் தந்தையும் புழுவோடு வந்துபோவதை எண்ணத் தொடங்கி, ஒரு மணி நேரத்தில் சலித்துவிட்டேன். மத்திய அமெரிக்கக் காடுகளில் கூடுகளைக் கவனித்த அலெக்ஸாண்டர் ஸ்கட்ச் 1949-இல் எழுதியது அப்போதுதான் உறைத்தது. குஞ்சு குறைந்தால் இரை கொண்டுவரும் நடையும் குறையும். எதிரியின் கண்ணில் கூடு படாது. வெப்பமண்டலப் பறவைகள் இரண்டு, மூன்று முட்டைகளோடு நிறுத்திக்கொள்வது அதனால் என்றார். அழகான விளக்கம்தான். ஆனால் அதே தோட்டத்து வேலியில் கரும்பறவையின் திறந்த கூட்டை மேக்பை என்ற காக்கையினப் பறவை ஒன்று பட்டப்பகலில் சூறையாடியது. பெட்டிக்குள் இருந்த கூட்டையும் செடியில் இருந்த கிண்ணக் கூட்டையும் வைத்து, வெப்பமண்டலத்தில்தான் கூட்டுக் கொள்ளை அதிகம் என்று மண்டலங்களை ஒப்பிட்டது என் அசட்டுத்தனம்.

பதில்:

அந்த அசட்டுத்தனத்தில் எனக்கும் பங்குண்டு. எந்த மண்டலத்தில் எவ்வளவு களவு போகிறது என்று அறிய, நாங்கள் போலிக் கூடுகளில் காடை முட்டை வைத்துப் பார்த்தவர்கள். கனடாவின் ஆர்க்டிக் பகுதியில் இந்த முறையில் செய்து, வடக்கே போகப்போக இழப்பு குறைவதைக் காட்டிய ஆய்வு 2010-இல் வெளிவந்தது. நரியே முக்கியக் கொள்ளையனான திறந்தவெளியில் அது சரி. பாம்பு மலிந்த வெப்பமண்டலக் காட்டில் என்ன ஆகும்? பறவையே வந்துபோகாத கூட்டைப் பாம்பு பெரும்பாலும் சீண்டுவதில்லை. சுண்டெலியின் வாய்க்கோ காடை முட்டை அடங்காது. இழப்பு குறைவாகத்தான் பதிவாகும்.

ஒரு கூட்டில் காடை முட்டைக்குப் பக்கத்தில் களிமண் முட்டையும் வைத்திருந்தோம். காடை முட்டையில் ஒரு கீறலும் இல்லை. களிமண்ணில் நாலைந்து இடங்களில் இரட்டைப் பல் தடம், கடுகளவு.