புதுப்பிப்பு: ஃபைனல் ஃபேன்டசி 8, முதல் பதிவுக்கு ஒரு திருத்தம்

‘ஒவ்வொரு சண்டையிலும் டிரா கொடுத்து மந்திரம் சேர்ப்பது பொறுமையைச் சோதிக்கிறது’ என்று முதல் பதிவில் எழுதியிருந்தேன். டிரா என்பது எதிரியிடமிருந்து மந்திரத்தையோ துணை ஆவியையோ எடுக்கும் கட்டளை. நான் எழுதியது தவறு. 1999இல் பிளேஸ்டேஷனில் வந்த இந்த ஆட்டம் டிராவை நம்பி இருக்கச் சொல்லவே இல்லை.

சைரன் என்ற துணை ஆவிக்கு, பொருளை மந்திரமாக மாற்றும் எல் மேக்-ஆர்எஃப் திறனைக் கற்றுக்கொடுங்கள். ஒரு டென்ட் (கூடாரம்) பத்து கியூராகா (குணப்படுத்தும் மந்திரம்) ஆகும். டென்ட்டின் விலை 1,000 கில் (ஆட்டத்தின் பணம்). ஆக 10,000 கில்லில் 100 கியூராகா. அதை எச்பி-யில் (உயிர்ப்புள்ளி) ஜங்ஷன் செய்தால், அதாவது இணைத்தால், 2,200 எச்பி கூடுகிறது, அதுவும் முதல் டிஸ்கிலேயே! ஜங்ஷன் செய்த மந்திரத்தைச் சண்டையில் வீசாதீர்கள்; எண்ணிக்கை குறையக் குறைய எச்பியும் இறங்கும்.

சைரனை டாலட் கோபுரத்தில் வரும் எல்வோரெட் என்ற எதிரியிடமிருந்து டிரா செய்ய வேண்டும். பலர் தவறவிடுவது இங்கேதான். விட்டால் கடைசிக் கோட்டை வரை காத்திருக்க வேண்டும்.

பணத்துக்கு மெனுவில் உள்ள சீட் (நாயகன் சேரும் கூலிப்படை) தேர்வு போதும். பத்துக் கேள்விகள், ஒன்றுகூடத் தவறக்கூடாது. நாயகன் ஸ்குவாலின் லெவல் எவ்வளவோ அதுவரையான தேர்வுகளை எழுதலாம். தேறினால் ரேங்கும் சம்பளமும் உயரும்.

லெவல் ஏற்றுவதில் அவசரம் வேண்டாம். நம் குழுவின் சராசரி லெவலோடு எதிரிகளும் வளர்கிறார்கள். ஜங்ஷன் இல்லாமல் லெவல் மட்டும் ஏற்றியவர்கள் திணறுவது இதனால்தான். குவெசகோட்டல் என்ற துணை ஆவியின் கார்டு கட்டளையால் எதிரியை விளையாட்டுச் சீட்டாக்கினால் அனுபவப் புள்ளி ஏறாது, ஏபி (ஆவிகள் திறன் கற்கும் புள்ளி) மட்டும் கிடைக்கும். முதலில் எதிரியின் எச்பியை நன்றாகக் குறைத்துவிட்டுப் போடுங்கள். முழு பலத்தில் இருந்தால் பெரும்பாலும் பலிக்காது.